சந்திரவதியின் பல்லும் ஜெயமதியின் சொல்லும்

திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை மண்டி, வைத்திருந்த பார்சுவநாத நயினார் வீட்டுக்கு இரண்டு மருமகள்கள். மூத்தவள் ஜெயமதி, இளையவள் சாந்தாமணி. இளையவள் ரொம்பப் பொறுமைசாலி என்று தெருவில் பேச்சு. தெருவுக்கு என்ன தெரியும்? ஒருத்தி வாயைத் திறக்காமல் இருந்தால் பொறுத்துக்கொண்டாள் என்று முடிவு கட்டிவிடுவார்கள். சாந்தாமணி எதையும் பொறுத்துக்கொள்ளவில்லை. கறுவிக்கொண்டிருந்தாள். அரிசி களையும்போதும் கறுவினாள், கோயிலில் கைகூப்பி நிற்கும்போதும் கறுவினாள். அதற்குக் காரணம் இருந்தது.

அந்த வீட்டில் பொழுது சாய்ந்தால் அடுப்பு அணைந்துவிடும். அதன் பிறகு சோறு கிடையாது, தண்ணீர்கூடக் கிடையாது. மற்ற ஜைன வீடுகளில் சின்னப் பிள்ளைகளுக்கும் நோயாளிகளுக்கும் விலக்கு உண்டு. பார்சுவநாத நயினார் மனைவி இறந்த வருஷம் கடும் விரதம் ஏற்றுக்கொண்டார். தான் ஏற்றதோடு விடாமல் வீட்டுக்கே அதை விதியாக்கிவிட்டார். தாய்ப்பால் மறந்த பிள்ளை எல்லாம் அந்த விதிக்குள் வந்தது. பெரிய மனிதர்கள் விரதம் எடுத்தால் சின்னப் பிள்ளைகள் பட்டினி கிடக்கவேண்டும் என்று எந்த ஆகமத்தில் எழுதியிருக்கிறதோ தெரியாது. அவரிடம் கேட்க யாருக்கும் துணிச்சலில்லை.

சாந்தாமணியின் மகள் சந்திரவதி. ராத்திரி பசி தாங்கவேண்டுமே என்று, சாந்தாமணி சூரியன் இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் கேப்பைக் கஞ்சியில் வெல்லத்தைத் தாராளமாகக் கரைத்துக் குழந்தைக்கு ஊட்டுவாள். குழந்தை அப்படியே தூங்கிப்போகும். தூங்கிய பிறகு ஈரத்துணியால் அதன் வாயையும் பல்லையும் துடைத்துவிடுவாள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. வாயெல்லாம் பிசுபிசுவென்று இருக்கிறதே என்று செய்தாள்.

அப்படியும் குழந்தைக்கு நாலு வயசு முடிவதற்குள் முன்பற்கள் பழுப்பேறி, பிறகு கறுத்து, ஓரம் உதிர ஆரம்பித்தன. ஜெயமதியின் மகன் ஜம்புகுமாருக்கும் ஏறக்குறைய அதே வயசு. அவன் பல்லோ அரிசி பதித்த மாதிரி இருக்கும்.

எண்பத்து மூன்றில் மேல்சித்தாமூர் ஜைன மடத்துத் தேருக்கு உறவுக்காரர்கள் எல்லாம் கூடியிருந்தார்கள். சாப்பிட்டு முடித்துப் பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது சந்திரவதி எதற்கோ சிரித்தாள். செஞ்சிப் பக்கத்து அத்தை ஒருத்தி, "அடியம்மா, பொண்ணுக்கு என்னா பல்லு இப்டி கரி மாரி கீது!" என்று முகவாயில் கை வைத்தாள்.

சாந்தாமணி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஜெயமதி முந்திக்கொண்டாள்.

"ராத்திரில அழுவுற புள்ளய ஜல்தியா அடக்கணும்னா வெல்லத்த வாயில வச்சிட வேண்டியதுதான். பல்லு என்னா பண்ணும், பாவம்!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. ராத்திரி என்ற வார்த்தை எல்லார் காதிலும் விழுந்துவிட்டது. பக்கத்துக் கூடத்தில் இருந்த மாமனார் காதிலும் விழுந்தது. அவர் எழுந்து வந்து மருமகளைக் கேட்டார்.

"ஏம்மா சாந்தாமணி, நெசமா?"

"இல்லீங்க மாமா. பொழுது போனப்பறம் என் புள்ள வாயில ஒரு பருக்கை போனதில்லீங்க."

அவர் குனிந்து குழந்தையின் உதட்டை விரலால் விலக்கிப் பார்த்தார். அப்புறம் மருமகள் முகத்தைப் பார்த்தார். "ரெண்டு புள்ளையும் ஒரே அடுப்புல பொங்கனதத்தான் துன்றாங்க. அவன் பல்லு நல்லா இருக்குது, இவ பல்லு சொத்தையா பூடுச்சு. நான் என்னான்னு நெனைக்கறது?" என்றார். சாந்தாமணியின் கணவன் அஜிதநாதன் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றான். அப்பா எதிரில் அவனுக்கு வாய் இருப்பதே மறந்துபோகும்.

அன்றோடு ஒரு தீர்ப்பு விழுந்தது. முனிவர்கள் ஊருக்கு வரும்போது ஆகாரம் அளிப்பது அந்த வீட்டுக்குப் பரம்பரைப் பெருமை. வருகிறவர் நாளுக்கு ஒரு வேளைதான் உண்பார், அதையும் கையில் ஏந்தி நின்றபடி உண்பார். அதைச் சமைக்கிற கையும் இடுகிற கையும் சுத்தமாக இருக்கவேண்டும். விரதம் தவறியவள் கை அதில் படக்கூடாது. அதுமுதல் ஆகார நாள்களில் சாந்தாமணிக்கு அடுக்களையில் இடமில்லை. கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டு, உள்ளே ஜெயமதி மடிச்சேலை சரசரக்க நடமாடுவதைக் கேட்டுக்கொண்டிருக்கவேண்டும். பிறந்த வீட்டில் எட்டு வயசிலிருந்து முனிவர்களுக்குக் கையால் எடுத்துக் கொடுத்துப் பழகியவள் அவள். சோற்றில் உப்பில்லை என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். விரதம் கெட்டவள் என்று பேர் வைத்துவிட்டார்களே!

அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் பெரிய தப்பு. இனி ஒருத்தரும் ஒரு சொல் சொல்லிவிடக்கூடாது என்று வைராக்கியம் வந்துவிட்டது. ஈரத்துணியும் தண்ணீர்தானே, இருட்டில் யாராவது பார்த்தால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்களே என்று, குழந்தையின் வாயைத் துடைப்பதையும் நிறுத்திவிட்டாள். வெல்லக் கஞ்சி பல்லில் ஒட்டியபடியே பிள்ளை விடிய விடியத் தூங்கும். அந்தப் பனிக்காலத்துக்குள் கடைவாய்ப் பற்கள் இரண்டும் குழிவிழுந்தன. கன்னம் வீங்கியது. வலி எடுத்தால் கிராம்பு வைத்துக் கடிக்கவேண்டும்; பொழுது சாய்ந்துவிட்டால் கிராம்புக்கும் தடை. குழந்தை தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தது. வளர வளரச் சந்திரவதிக்கு ஒரு பழக்கம் வந்தது. சிரிப்பு வந்தால் முதலில் கை வாய்க்குப் போகும், அப்புறம்தான் சிரிப்பாள்.

அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் சாந்தாமணிக்கு ஜெயமதியின் சிரிப்பு ஞாபகம் வரும். 'இருடி, உனக்கு ஒரு நாள் வெச்சிருக்கேன்' என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். என்ன வைத்திருக்கிறாள் என்று அவளுக்கே தெரியாது.

எண்பத்தாறில் அது தானாக வந்து சேர்ந்தது. மெட்ராஸிலிருந்து செண்பகம் என்ற பல் டாக்டரம்மாவும் இன்னும் சிலரும் விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். பிள்ளைகளின் எச்சிலை எடுத்து ஆராய்ச்சி செய்கிறார்களாம். ஒரே வீட்டுச் சமையலைச் சாப்பிடும் பிள்ளைகளில் ஒன்றுக்குச் சொத்தையும் ஒன்றுக்கு நல்ல பல்லும் இருந்தால் இரண்டையும் கூட்டிவாருங்கள் என்று சுற்று வட்டாரப் பள்ளிகளுக்கெல்லாம் சொல்லியனுப்பியிருந்தார்கள். திண்டிவனத்துக்கும் சேதி வந்தது.

எச்சில் என்றதும் மாமனார் முகத்தைச் சுளித்தார். ஜெயமதிக்கோ பெருமை பிடிபடவில்லை.

"இட்டுக்கினு போ சாந்தா. எம் புள்ள பல்லயும் டாக்டருங்க பாக்கட்டும். எப்டி வளக்கறதுன்னு கத்துக்குவாங்க!"

வாய்க்கொழுப்பு என்பது இதுதான். தன் தலையில் மண்ணைப் போடச் சொல்லித் தானே பஸ் ஏற்றி அனுப்பினாள்.

விழுப்புரத்தில் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து ஆளுக்கொரு துண்டு மெழுகு கொடுத்தார்கள். அதை மென்றால் வாயில் நீர் ஊறும். ஊறியதைக் கண்ணாடிக் குழாயில் துப்பவேண்டும். குழாய் உடனே ஐஸ் பெட்டிக்குள் போய்விடும். துப்பினால் அடி வாங்கியே வளர்ந்த பிள்ளைகள், துப்பு துப்பு என்று டாக்டர் கெஞ்சுவதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். சந்திரவதி கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

பிறகு ஒவ்வொரு பிள்ளையிடமும் என்னென்ன சாப்பிடுவாய் என்று விசாரணை. ஜம்புகுமார் முறை வந்தது. சாந்தாமணி பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி என்ன சாப்பிடுவ கண்ணு?" என்று கேட்டார் செண்பகம்.

பையன் திரும்பிச் சித்தியைப் பார்த்தான். அப்புறம் டாக்டரம்மாவின் காதுக்குப் பக்கத்தில் போய், ரகசியம் என்று நினைத்துக்கொண்டு நாலு பேருக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"வெல்லம் போட்ட பாலு. மல்லாட்ட உருண்ட. அம்மா கதவ சாத்திக்கினு குடுப்பாங்க. தாத்தாகிட்ட சொல்லக்கூடாது."

சாந்தாமணிக்கு முதலில் வந்தது கோபமில்லை, சந்தோஷம். உடம்பெல்லாம் குளுகுளுவென்று பரவிய சந்தோஷம். இத்தனை வருஷம் யார் வாசலில் கைகட்டி நின்றாளோ, அவள் வீட்டுச் சாவி இப்போது இவள் மடியில் விழுந்திருக்கிறது. திரும்பும்போது பஸ்ஸில் பையன் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "சித்தி, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, முதுகுத் தோல உரிச்சிடுவாங்க" என்றான். "நீ சொன்னன்னு சொல்லவே மாட்டேன்டா" என்று தலையைத் தடவினாள். அந்தச் சொல்லைக் கடைசிவரை காப்பாற்றவும் செய்தாள்.

அதற்குப் பிறகு காலையில் வாசல் பெருக்கப் போகும்போது மூத்தவள் அறைப் பக்கம் கண்ணை ஓட்டுவாள். நிலைப்படியைத் தாண்டி உள்ளே எறும்புச் சாரி போய்க்கொண்டிருக்கும். எறும்பை மிதிக்காமல் மயிலிறகால் ஒதுக்குகிற வீடு அது. ஜெயமதி தினமும் ஒதுக்குகிறாளே, எதற்காக வருகிறது என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

பிள்ளை பசியில் அழுதால் எந்தத் தாயும் தாங்கமாட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு பால் கொடுத்ததற்காகச் சாந்தாமணி அவளைக் குற்றம் சொல்லவில்லை. தான் செய்ததைத் தூக்கி இவள் தலையில் வைத்தாளே, அதற்குத்தான் கணக்குத் தீர்க்கவேண்டும்.

சில மாதம் கழித்துச் செண்பகம் மறுபடி விழுப்புரம் வந்தபோது மகளை மட்டும் அழைத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா சந்திரவதியின் வாயை வெளிச்சத்தில் திறந்து பார்த்துக்கொண்டே பேசினார்.

"பருப்புல புரதம் இருக்குதில்லீங்க, அந்த மாதிரி எச்சில்லயும் சில புரதங்க இருக்கு. சிலது பல்லு மேல மெல்லிசாப் படிஞ்சு காவல் நிக்கும். சிலது கிருமிங்கள ஒண்ணாச் சேர்த்து உருட்டி வயித்துக்குள்ள தள்ளிடும். எல்லாக் குழந்தைக்கும் அது ஒரே அளவுல இருக்கறதில்ல. உங்க பொண்ணுக்குக் கொஞ்சம் கம்மி. அந்தப் பையனுக்கு நெறைய. இதனாலதான் சொத்தைன்னு அடிச்சுச் சொல்ல இன்னும் ரொம்ப ஆராய்ச்சி பண்ணணும். ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே சாப்பாடு குடுத்தாலும் ஒரே பல்லு இருக்கும்னு எதிர்பார்க்க முடியாதுங்க."

"அப்போ எம் மேல தப்பு இல்லீங்களா?"

"தப்புன்னு யாரு சொன்னாங்க?"

சாந்தாமணி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். வெல்லக் கஞ்சியையும் ஈரத்துணியையும் சொன்னாள். டாக்டரம்மாவின் முகம் வாடியது.

"தூங்கறப்ப எச்சில் அவ்வளவா ஊறாதுங்க. அந்த நேரத்துல இனிப்பு பல்லுல ஒட்டியிருந்தா, காவல் கம்மியான வாய்க்கு ரொம்பக் கஷ்டம். துடைச்சிக்கிட்டுத்தானே இருந்தீங்க, அத ஏன் விட்டீங்க? சரி போகட்டும். இப்ப நிரந்தரப் பல்லு முளைக்குது. வெல்லத்தைக் குறைங்க. பொழுதோட சாப்பிடவச்சு, பொழுதோட பல்லு விளக்கி நல்லாக் கொப்பளிச்சுத் துப்பச் சொல்லுங்க. இதைக் காப்பாத்திடலாம்."

ஏன் விட்டீங்க என்ற கேள்வி பஸ்ஸில் திண்டிவனம் வரைக்கும் கூடவே வந்தது. ஏன் விட்டாள்? ஒருத்தியின் நாக்குக்குப் பயந்து விட்டாள். முன்பற்கள் போனதற்கு எச்சிலைச் சொல்லலாம். அந்தக் கடைவாய்ப் பற்கள்? அவை ஜெயமதியின் கணக்கு.

வீட்டுக்கு வந்து மாமனாரிடம் ஒழுங்காக எடுத்துச் சொன்னாள். அவர் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். "எச்சில்ல காவலாம், புரதமாம்! தொட்டா கை கழுவற வஸ்து அது. அதுல போயி நியாயம் தேடறியாம்மா?" என்றார். ஜெயமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்குப் பல் சொத்தையில்லை, சும்மா மரியாதைக்குப் பொத்தினாள்.

சாந்தாமணி எழுந்து உள்ளே போனாள். உண்மையைச் சொல்லிப் பார்த்தாயிற்று, எடுபடவில்லை. எடுபடுகிற இடம் எது என்று அவளுக்குத் தெரியும். காத்திருந்தாள்.

அடுத்த கோடை முடிகிற சமயம், மேல்சித்தாமூர் போகிற வழியில் ஒரு முனிவர் திண்டிவனம் ஜினாலயத்தில் தங்கினார். மறுநாள் காலை வீட்டு வாசலில் கலசம் ஏந்தி நின்று அவரை அழைக்கவேண்டியவள் மூத்த மருமகள். முதல்நாள் மாலை, இன்னும் வெயில் இருக்கும்போதே, ஜெயமதி நாளைக்கு வேண்டிய நீரை வடிகட்ட வெள்ளைத் துணியோடு கிணற்றடிக்கு வந்தாள். சாந்தாமணி அங்கே குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்க ரூமுக்கு எறும்பு வருதே, ராத்திரில பாலு சிந்தாமப் பாத்துக்குங்க."

ஜெயமதியின் கையிலிருந்த துணி நழுவியது. "என்னா பாலு? என்னா ஒளர்ற?"

"வெல்லம் போட்ட பாலு. கதவ சாத்திக்கினு குடுக்கறது."

ஜெயமதி வீட்டுப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். ஜெயமதி தாழ்ந்த குரலில், "மாமாகிட்ட சொல்லப் போறியா?" என்றாள்.

"நான் ஏங்க்கா சொல்றேன்? ஒருத்தர் மேல ஒண்ண சொல்றதுக்கு எனக்கு நாக்கு வராது. நாளைக்கு நீங்க சாமி முன்னால நிப்பீங்க. மனசுத்தி, வசனசுத்தி, காயசுத்தி, ஆகார ஜலசுத்தின்னு நீங்களே உங்க வாயால சொல்லுவீங்க. நான் பக்கத்துல நின்னுக்கினு உங்க வாயப் பாத்துக்கினே இருப்பேன். அவ்ளோதான்."

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

காலையில் தெரு முழுக்கக் கோலம். வீட்டுக்கு வீடு கலசத்தோடு நின்றார்கள். சாந்தாமணி விடியுமுன் குளித்து, மடியாக உடுத்தி, நயினாரின் வலப்பக்கம் வந்து நின்றாள். கிணற்றடியில் இருக்கவேண்டியவள் ஏன் இங்கே நிற்கிறாள் என்று கேட்க அந்த அவசரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. முனிவர் மயிற்பீலியோடு, வலக்கை விரல்களைத் தோளில் குவித்துவைத்தபடி மௌனமாக வந்தார். நாலைந்து வாசல்களைக் கடந்து, இவர்கள் வாசலில் நின்றுவிட்டார். நயினாருக்குக் கண் கலங்கியது. எல்லாரும் "நமோஸ்து சாமி, நமோஸ்து, நமோஸ்து" என்று வணங்கி வலம் வந்தார்கள்.

இனி, மனசும் சொல்லும் உடம்பும் சோறும் தண்ணீரும் சுத்தம் என்று ஜெயமதி சொல்லவேண்டும். சொன்னால்தான் அவர் உள்ளே அடியெடுத்து வைப்பார்.

ஜெயமதி வாயைத் திறந்தாள். "மன..." என்றாள். சாந்தாமணி அந்த வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்கு உதட்டைத் தடவியது, மேலண்ணத்தில் ஒட்டியது. விழுங்கப் பார்த்தாள், விழுங்க ஒரு துளி இல்லை. அத்தனை அழகான பல்வரிசையும் காய்ந்துபோய்த் தெரிந்தது.

"சொல்லும்மா!" என்றார் மாமனார்.

சத்தம் வரவில்லை. முனிவர் இன்னும் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுப் பாதத்தைத் திருப்பினார். ஜெயமதியின் கண் சாந்தாமணியைக் கெஞ்சியது. இத்தனை வருஷம் அவள் காத்திருந்தது அந்தப் பார்வைக்குத்தான். அதை நன்றாக வாங்கிக்கொண்டாள். பிறகு கலசத்தை அவள் கையிலிருந்து எடுத்துக்கொண்டு முன்னால் போனாள்.

"மனசுத்தி, வசனசுத்தி, காயசுத்தி, ஆகார ஜலசுத்தி! உள்ளே எழுந்தருளணும் சாமி!"

தெருக்கோடிவரை கேட்டது. முனிவர் திரும்பினார், உள்ளே வந்தார், நின்றபடி கையேந்தினார். சாந்தாமணி கவளம் கவளமாக எடுத்துவைத்தாள்.

எல்லாம் முடிந்து முனிவர் போன பிறகு நயினார் மூத்த மருமகளை ஒன்றும் கேட்கவில்லை. மண்டியில் மூட்டையைத் தட்டிப் பார்த்தே உள்ளே சொத்தை இருக்கிறதா என்று கண்டுபிடிக்கிற ஆள். ஜெயமதியைப் பார்த்தார். அம்மா முந்தானையில் ஒளிந்துகொண்டிருந்த பேரனைப் பார்த்தார். கடைசியாகச் சந்திரவதியின் வாயைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

"சாந்தாமணி, இனிமேட்டு ஆகாரம் உங் கையாலதாம்மா" என்றார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மண்டிக்குக் கிளம்பினார். வாசல்வரை போனவர் நின்று, "சின்னப் புள்ளைங்களுக்கு ராத்திரில தண்ணி குடுங்க" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

சாந்தாமணி மனசுத்தி என்று சொன்னாளே, அது பொய். மற்றவை எல்லாம் சுத்தம்தான். மனசில் மட்டும் அன்றைக்கு இருந்தது முழுக்க முழுக்கப் பழி. சாமி முன்னால் நின்று தடுமாறாமல் அந்தப் பொய்யைச் சொன்னாள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அதற்குப் பாவம் வந்தால் வரட்டும் என்றே இருந்தாள்.

ஜெயமதி கிணற்றடியில் போய் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். சாந்தாமணி அடுக்களை வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்திரவதி ஓடிவந்தாள்.

"யம்மா, பெரியம்மா ஏன் அழுவுறாங்க?"

"பல்லு வலி" என்றாள் சாந்தாமணி. சொல்லும்போது உதட்டில் சிரிப்பு வந்துவிட்டது.

மகள் சிரிக்கவில்லை. முகம் சுருங்கிப்போய், நேரே அஞ்சறைப் பெட்டிக்குப் போனாள். துழாவி ஒரு கிராம்பை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள். "பெரியம்மா, இத வலிக்கற பல்லுல வெச்சிக் கடிச்சிக்குங்க. மொதல்ல எரியும். அப்பறம் கொஞ்சம் கொறையும்" என்று சொல்லி அவள் முகத்திலிருந்து கையை விலக்கினாள். ஜெயமதி குழந்தையை நிமிர்ந்து பார்த்தாள். புதுப்பல் பாதி முளைத்து, பழைய கறுப்புப் பற்கள் மீதி இருந்த அந்த வாய் அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியவில்லை. வாயைத் திறந்தாள். சந்திரவதி கிராம்பை உள்ளே வைத்துக் கன்னத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

சாந்தாமணி மகளைக் கூப்பிட வாயெடுத்தாள். கூப்பிடவில்லை. ஒரு குறையுமில்லாத பல்லில் கிராம்பைக் கடித்துக்கொண்டு ஜெயமதி அழுவதையும், மகள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கண்ணைத் துடைத்துவிடுவதையும் பார்த்தபடி அங்கேயே நின்றாள்.